தன் பாட்டைத் தானே பாடாத பாடகர்

ஒரு கையெழுத்தால் வந்த வினை

சொந்தமாக எழுதிய பாட்டு. சொந்தமாகப் போட்ட மெட்டு. சொந்தக் குரலில் பாடிப் பதிவான ரிக்கார்டு. ரேடியோவைத் திருப்பினால் அந்தப் பாட்டு. சினிமாவுக்குப் போனால் அங்கும் அந்தப் பாட்டு. ஆனால் பாடியவர் மட்டும், "இனி இவற்றை நான் மேடையில் பாடமாட்டேன்" என்று வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஏறத்தாழ 15 ஆண்டுகள்!

அவர் பெயர் ஜான் போகர்ட்டி. அமெரிக்காவின் புகழ்பெற்ற "ராக்" பாடகர். கிட்டாரும் டிரம்மும் முழங்க, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்துப் பாடும் மேல்நாட்டு இசைதான் ராக். "கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்" என்ற குழுவுக்குப் பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர் எல்லாம் அவரே.

அப்படிப்பட்டவர் ஏன் வாயைப் பூட்டிக்கொண்டார்? 22 வயதில் ஒரு காகிதத்தில் போட்ட கையெழுத்துதான் காரணம்.

அச்சுக்கோப்பவர் மகன்

ஜான் போகர்ட்டி 1945-ஆம் ஆண்டு மே 28-ந்தேதி கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில் பிறந்தார். 5 ஆண் பிள்ளைகள் உள்ள குடும்பம். தகப்பனார் "பெர்க்லி கெஜட்" என்ற நாளேட்டில் அச்சுக்கோக்கும் வேலை பார்த்தார். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. பெற்றோர் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாயார் தலையில் விழுந்தது.

பக்கத்து ஊரான எல் செரிட்டோவில் பள்ளியில் படிக்கும்போதே, டக் கிளிப்போர்ட், ஸ்டு குக் என்ற இரண்டு மாணவர்களுடன் சேர்ந்து ஜான் ஓர் இசைக்குழு அமைத்தார். அது 1959-ஆம் ஆண்டு. பின்னர் அண்ணன் டாமும் சேர்ந்துகொண்டார். கல்யாண வீடு, பள்ளி விழா என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வாசித்தார்கள்.

1964-ல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த "பேண்டசி" என்ற ரிக்கார்டு கம்பெனி இவர்களைச் சேர்த்துக்கொண்டது. கம்பெனியார் குழுவுக்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் குழுவினருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சகித்துக்கொண்டார்கள். ரிக்கார்டுகள் வெளிவந்தன, விற்பனை இல்லை.

கிடங்கு குமாஸ்தா

பாட்டு சோறு போடவில்லை. ஆகவே ஜான் அதே கம்பெனியின் கிடங்கில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் பாடிய ரிக்கார்டுகளைக் கட்டி, முகவரி எழுதி, வெளியூர்களுக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை.

இடையில் வியட்நாம் சண்டை. வாலிபர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்த காலம். ஜான் 1966-ல் ராணுவ ரிசர்வ் படையில் சேர்ந்தார்.

1967-ல் பேண்டசி கம்பெனி கைமாறியது. அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த சால் சாயன்ஸ் என்பவர், சில கூட்டாளிகளுடன் சேர்ந்து அதை வாங்கினார். குழுவுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். நண்பரின் நண்பர் ஒருவருடைய பெயரிலிருந்து "கிரீடன்ஸ்", பீர் விளம்பரம் ஒன்றைப் பார்த்துத் தோன்றிய "தெளிந்த நீர்", அதனுடன் "மறுமலர்ச்சி". இந்த மூன்றையும் ஒட்டிப் புதுப் பெயர் பிறந்தது.

1968 ஜனவரியில் புது ஒப்பந்தம். பாடல்களின் உரிமை கம்பெனிக்கு. ஆண்டுதோறும் இத்தனை பாட்டு பதிவு செய்து கொடுக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. வெற்றி கிடைத்தால் ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு நல்ல முறையில் வேறு எழுதிக்கொள்ளலாம் என்று சாயன்ஸ் வாய்மொழியாகச் சொன்னதாக, ஜான் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். வாய்மொழி காற்றோடு போயிற்று. காகிதம் நின்றது.

வாசற்படியில் கிடந்த கவர்

1968-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு நாள். ஜான் குடியிருந்த வீட்டின் வாசற்படியில் சர்க்கார் முத்திரையிட்ட கவர் ஒன்று கிடந்தது. யாருக்கோ வந்தது என்று அவர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால், அவர் பெயரே எழுதியிருந்தது. ராணுவ சேவையிலிருந்து விடுதலை என்ற உத்தரவு!

புல்தரையில் கரணம் போட்டார். வீட்டுக்குள் ஓடிக் கிட்டாரை எடுத்தார். அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான் "ப்ரவுட் மேரி" என்ற பாட்டு.

அதற்கு முன்பே சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தோன்றும் தலைப்புகளை எல்லாம் அதில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அதில் முதல் தலைப்பே "ப்ரவுட் மேரி". மேரி என்பவள் பணக்காரர் வீடுகளில் துணி துவைக்கும் பெண் என்று முதலில் நினைத்திருந்தார். பாட்டு வளர வளர, மேரி ஆற்றில் போகும் நீராவிப் படகாக மாறிவிட்டாள். நகரத்து வேலையை உதறிவிட்டு, ஆற்றோடு போகிற ஒருவனின் பாட்டாக அது முடிந்தது. தொடக்கத்தில் வரும் கிட்டார் ஒலிக்கு, பீத்தோவனின் 5-வது சிம்பொனி வழிகாட்டியது என்று ஜான் சொல்லியிருக்கிறார். மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவ்வளவு உரிமையோடு பாடியவர், அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் அல்ல!

1969 ஜனவரியில் வந்த அந்தப் பாட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 2-வது இடத்தைப் பிடித்தது. 1971-ல் டினா டர்னர் தம் கணவருடன் சேர்ந்து பாடி, அதை இன்னும் பிரபலமாக்கினார்.

சாத்தானுடன் ஒப்பந்தம்

1969-ல் மட்டும் இந்தக் குழு 3 நீண்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. தொட்டதெல்லாம் வெற்றி. அந்த ஆண்டு வந்த "பேட் மூன் ரைசிங்" என்ற பாட்டுக்கு வித்து ஒரு பழைய சினிமாப் படம்.

1941-ல் வந்த அந்தப் படத்தில் ஓர் ஏழை விவசாயி வருகிறான். 7 ஆண்டு செல்வாக்குக்காகத் தன் ஆத்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். புயல் அடிக்கிறது. அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் நாசம். அவன் வயல் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் காட்சி ஜான் மனதில் பதிந்து, அழிவு வருகிறது என்று எச்சரிக்கும் பாட்டாக வெளிவந்தது. மெட்டு என்னவோ துள்ளல் மெட்டு! இங்கிலாந்தில் அது முதல் இடத்தைப் பிடித்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் கதையிலிருந்து பாட்டு எழுதியவருக்கு, தாம் போட்ட கையெழுத்தின் விலை அப்போது தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்ப முடியாதவன்

அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் "லோடை" என்ற பாட்டு இருந்தது. பேரும் பணமும் தேடி ஊரை விட்டுக் கிளம்பிய பாடகன் ஒருவன், சின்ன ஊர் ஒன்றில் மாட்டிக்கொள்கிறான். கேட்க ஆள் இல்லை. ஊர் திரும்ப வழிச்செலவுக்குக் காசும் இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் யாராயினும், அந்த வேதனையைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

லோடை என்பது கலிபோர்னியாவில் உண்மையாகவே உள்ள ஊர். ஆனால் பாட்டு எழுதியபோது ஜான் அங்கே போனதே இல்லை. பெயரின் ஓசை பிடித்திருந்தது; எழுதிவிட்டார்!

பெரிய இடத்துப் பிள்ளைகள்

1968 டிசம்பரில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரின் பேரன். மணப்பெண், ஜனாதிபதியாகப் பதவி ஏற்க இருந்த நிக்சனின் மகள். பத்திரிகைகள் எல்லாம் அதே செய்தி. வியட்நாம் போர்முனைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை என்று ஜானுக்குக் கோபம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, 20 நிமிடத்தில் பாட்டை எழுதி முடித்தார். அதுதான் "பார்ச்சுனேட் சன்". அதாவது "அதிர்ஷ்டக்காரப் பிள்ளை". வெறும் கேள்வி ஞானத்தால் எழுதியது அல்ல. தாமும் ராணுவச் சீருடை அணிந்தவர் அல்லவா?

மழைப் பாட்டுகள்

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் இசைவிழா நடந்தது. லட்சக்கணக்கான கூட்டம். இவர்கள் முறை வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மழையில் நனைந்து, சேற்றில் கிடந்த ரசிகர்கள் தூங்கிப்போயிருந்தார்கள். அந்த நிகழ்ச்சி தமக்குத் திருப்தி இல்லை என்று, விழா பற்றிய சினிமாப் படத்தில் தம் குழுவைச் சேர்க்க ஜான் மறுத்துவிட்டார். வீடு திரும்பி எழுதிய பாட்டு "ஹூ வில் ஸ்டாப் தி ரெயின்".

இரண்டாவது மழைப் பாட்டு, 1971 ஜனவரியில் வந்த "ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்". வெயில் அடிக்கும்போதே மழை பெய்வதைப் பற்றிய பாட்டு. உள்ளே இருந்த பொருள் வேறு. புகழ் என்ற வெயில் உச்சியில் காய்கிறது. வீட்டுக்குள் சண்டை என்ற மழை பெய்கிறது. குழு உடைந்துகொண்டிருந்தது.

பாட்டு எழுதுவது, மெட்டு, நிர்வாகம் அனைத்தும் ஜான் கையில் இருப்பதாக மற்ற மூவருக்கும் மனத்தாங்கல். பாட்டு வந்த சில வாரங்களில் அண்ணன் டாம் விலகினார். 1972-ல் கடைசி இசைத்தட்டு. அதில் மற்ற இருவரும் சரிபங்கு பாட்டு எழுதிப் பாடினார்கள். அது அவர்கள் கேட்டதால் என்பது ஜான் தரப்பு. ஜான் போட்ட கட்டாயத்தால் என்பது அவர்கள் தரப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் குழு கலைந்தது.

குழு போயிற்று, பாக்கி போகவில்லை

குழு இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் இருந்தது. கொடுக்கவேண்டிய பாட்டுகள் பாக்கி நின்றன. ஜான் எவ்வளவு எழுதினாலும் கணக்கு தீர்வதாக இல்லை. போதாக்குறைக்கு, வரியைக் குறைக்கலாம் என்ற யோசனையின்பேரில், குழுவினர் பஹாமாஸ் தீவில் உள்ள ஒரு பாங்கியில் பணம் போட்டிருந்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் அந்த பாங்கி மூடப்பட்டது. சம்பாதித்த பணமும் போயிற்று.

முடிவில், 1980 வாக்கில் ஜான் ஒரு காரியம் செய்தார். கிரீடன்ஸ் ரிக்கார்டுகள் விற்பதில் பாடகர் என்ற முறையில் தமக்கு வரவேண்டிய ராயல்டி முழுவதையும் விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு ஒப்பந்தத்திலிருந்து விடுதலை பெற்றார்.

கம்பெனியோ நன்றாக வளர்ந்தது. சாயன்ஸ் சினிமாத் தயாரிப்பாளர் ஆனார். 1975, 1984, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளியான அவரது 3 படங்களும், சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றன. சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம் தவறு என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது.

"நான் பாடினால் அந்தப் பணம் அவருக்கல்லவா போகும்" என்பது ஜானின் எண்ணம். பழைய பாட்டுகளை மேடையில் பாடுவதையே நிறுத்திவிட்டார். நடுவில் பல ஆண்டுகள் புது இசைத்தட்டும் கிடையாது. கம்பெனிக்குப் பூட்டிய பூட்டு, தம் வாய்க்கே பூட்டாக ஆயிற்று.

கோர்ட்டில் கிட்டார்

1985 ஜனவரியில் "சென்டர்பீல்ட்" என்ற இசைத்தட்டுடன் ஜான் திரும்பி வந்தார். எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்திருந்தார். அமெரிக்காவில் முதல் இடம்!

உடனே வழக்கு. அந்த இசைத்தட்டில் உள்ள 2 பாடல்கள் தம்மை இழிவு செய்வதாகச் சாயன்ஸ் 14 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டார். ஒரு பாட்டில் தம் பெயரை ஒத்திருந்த சொல்லை ஜான் மாற்றவேண்டி வந்தது.

இன்னொரு வழக்குதான் விந்தையிலும் விந்தை. புது இசைத்தட்டில் உள்ள "ஓல்ட் மேன் டவுன் தி ரோட்" என்ற பாட்டு, 1970-ல் வந்த "ரன் துரூ தி ஜங்கிள்" என்ற பாட்டின் காப்பி என்று பேண்டசி கம்பெனி வழக்குப் போட்டது. பழைய பாட்டை எழுதியவர் யார்? அதே ஜான்! ஆனால் அதன் உரிமையாளர் கம்பெனி. தன் பாட்டைத் தானே திருடியதாக ஒருவர் கோர்ட்டு படி ஏறினார்!

அந்தப் பழைய பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். வியட்நாம் காட்டைப் பற்றியது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி பெருகுவதைக் கண்டு எழுதிய பாட்டு அது.

1988-ல் சான்பிரான்சிஸ்கோவில் விசாரணை. ஜான் கிட்டாருடன் சாட்சிக் கூண்டில் ஏறினார். பாட்டுகளை வாசித்துக் காட்டி, ஒருவருடைய பாணி வேறு, பாட்டு வேறு என்று ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகள் ஜான் பக்கம் தீர்ப்பு அளித்தார்கள்.

ஆனால் வக்கீல் செலவு? வழக்குத் தொடர்ந்தவர் ஜெயித்தால் சுலபமாகக் கிடைக்கும் செலவுத்தொகை, எதிராளி ஜெயித்தால் கிடைப்பது அரிது என்ற நிலை அங்கே இருந்தது. ஜான் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1994 மார்ச் 1-ந்தேதி, இரு தரப்பாரையும் ஒரே தராசில் நிறுத்தவேண்டும் என்று நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பின்னர் ஜானுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் செலவுத்தொகை கிடைத்தது. பதிப்புரிமை வழக்குகளில் இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

கல்லறையில் எழுந்த கேள்வி

கோர்ட்டில் ஜெயித்தாலும் பாட்டு திரும்பவில்லை. 1987-ல் வடக்கு ஹாலிவுட் கிளப் ஒன்றில் பாடகர் பாப் டிலன் அவரைப் பார்த்து, "ப்ரவுட் மேரி"யை நீ பாடாவிட்டால், அது டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைக்கும் என்று சொன்னார். அன்று பாடினார். அதே ஆண்டு ஜூலை 4-ந்தேதி, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக வாஷிங்டன் அருகே நடந்த நிகழ்ச்சியிலும் பழைய பாட்டுகளைப் பாடினார். மற்றபடி பூட்டு பூட்டாகவே இருந்தது.

1990-ல் ஜான் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். 1938-ல் 27 வயதில் இறந்துபோன ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பு இனப் பாடகரின் கல்லறைக்குப் போய் நின்றார். மேல்நாட்டு இசைக்காரர்கள் பலரும் குருவாக மதிக்கும் அந்தப் பாடகர், பணம் காணாமலே மறைந்தவர்.

"இவர் பாட்டுகளுக்கு இப்போது யார் சொந்தக்காரரோ? எங்கோ ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் வக்கீலாக இருக்கலாம். ஆனால் உலகத்துக்கு இவை ராபர்ட் ஜான்சன் பாட்டுகள்தானே?" என்ற எண்ணம் எழுந்தது. அப்படியானால் தம் பாட்டுகள்? கையெழுத்து எங்கே இருந்தாலும், பாட்டு பாடியவனுடையதே என்று அன்று மனம் தெளிந்ததாக அவர் கூறியிருக்கிறார்.

அந்தத் தெளிவு ஒருவர் விஷயத்தில் காலம் கடந்து வந்தது. அண்ணன் டாம் 1990 செப்டம்பர் 6-ந்தேதி காலமானார். சிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தால் எய்ட்ஸ் தொற்றி, காசநோயும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தது. டாம் கம்பெனி முதலாளியின் பக்கம் நின்றார் என்பது தம்பியின் மனக்குறை. ஒரே வீட்டில் பாடிப் பழகிய சகோதரர்கள், மனம் ஒட்டாமலே பிரிந்தார்கள்.

1997-ல் வந்த "புளூ மூன் ஸ்வாம்ப்" என்ற இசைத்தட்டு ஜானுக்குக் கிராமி பரிசு வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு பழைய பாட்டுகளையும் தாராளமாகப் பாடினார்.

நம் நாட்டில்

இந்தக் கதை அமெரிக்காவோடு முடிவதல்ல. நம் நாட்டிலும் பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, எல்லா உரிமையையும் எழுதிக்கொடுப்பதே வெகுகால வழக்கம். 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடினார். இப்போது, பாட்டின் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாலும், தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது தவிர மற்ற வகைகளில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது. அறியாமல் போட்ட கையெழுத்துக்குச் சட்டமே போட்ட கடிவாளம் இது.

திரும்பி வந்த பாட்டு

2004-ல் "கான்கார்ட்" என்ற கம்பெனி பேண்டசியை வாங்கியது. அடுத்த ஆண்டே, ஜான் விட்டுக்கொடுத்திருந்த ராயல்டியை அது திரும்பக் கொடுத்தது. ஜானும் அதே பேண்டசியுடன் மறுபடி கைகோத்தார். சாயன்ஸ் 2014 ஜனவரியில் காலமானார்.

2023 ஜனவரியில் கிரீடன்ஸ் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை ஜான் விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு 77 வயது. 2025-ல், 80 வயதில், அந்தப் பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். உடன் வாசித்தவர்களில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் உண்டு.

கையெழுத்துப் போட்டது ஒரு நிமிடம். போன பாட்டு வீடு வந்து சேர 55 ஆண்டுகள்!